வெளிற்றுநீரின் பதம்

டிக்கோயாப் பகுதியிலே தேயிலைத் தொழிற்சாலையொன்றின் அருகாகச் சென்றவர் யாவரும் ஒரு மணத்தை அறிவர். உருட்டும் பொறியிலிருந்து இறங்கிய கொழுந்து பரப்பிவைக்கப்பட்டு, பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் எய்தும் வேளையிலே எழுகின்ற மணம் அது. தொழிற்சாலையார் இதனை ‘நொதித்தல்’ என்பர். பெயர் பிழையானது, இங்கே நுரைமமும் இல்லை, கள்ளும் இல்லை. காற்றிலுள்ள ஒட்சிசன் இலையின் சாற்றோடு கூடுகின்ற ஒட்சியேற்றமே நிகழ்கின்றது. ஆயினும் நூறாண்டுக்கும் மேலாக வழங்கிய பெயரை நாம் யார் மாற்ற?

இந்த ஒட்சியேற்றத்தை எக்கணத்தில் நிறுத்துவது என்பதிலேதான் தேயிலை தயாரிப்பவரின் வல்லமை முழுவதும் அடங்கியிருக்கின்றது. முந்தி உலர்த்தினால் சாயத்திற் பச்சை வாடை நிற்கும். பிந்தினால் துலக்கம் மங்கிச் சுவை சப்பென்றாகிவிடும். அள்ளி முகர்ந்து பார்ப்பார், கையிற் பிசைந்து நிறம் பார்ப்பார், கடிகாரத்தையும் பார்ப்பார். பின்பு, “போடு உலர்த்தியில்” என்பார். அரிசி வேகும் பதம், பாகு இறக்கும் பதம் என்று நம் அடுக்களைகளிற் சொல்வது போன்றதே இதுவும்.

இதே போன்ற பதம் ஒன்று, நம் வீட்டுக் குளியலறையில் மூலையிலே நிற்கும் வெளிற்றுநீர்ப் போத்தலுக்கும் உண்டு. கடையிலே ‘பிளீச்’ என்றும் ‘குளோரின் தண்ணீர்’ என்றும் கேட்டு வாங்குகின்றோமே, அது எவ்வாறு பிறக்கின்றது, அதன் பதத்தை யார் பார்க்கின்றார், தவறினால் என்ன நேரும் என்பனவற்றை மாணவரும் இல்லத்தரசியரும் அறிந்துகொள்வது நன்று. குடிநீர்த் தொட்டியிலே சுகாதாரப் பரிசோதகர் இடுகின்ற வெள்ளைத் தூளும் இதன் உடன்பிறப்பே.

துணியை வெளுப்பாக்கும் வித்தை நம்மவருக்குப் புதிதன்று. உவர்மண்ணிலே துணியை ஊறவைத்து, வெள்ளாவியிலே அவித்து, ஆற்றங்கரை மணலிலே வெயிலில் விரித்த சலவைத் தொழிலாளர், காரத்தையும் நீராவியையும் சூரிய ஒளியையும் ஒருங்கே ஏவல் கொண்ட விஞ்ஞானிகளே எனலாம். ஐரோப்பாவிலும் நிலை இதுதான். புளித்த மோரிலே தோய்த்த துணியைப் புல்வெளியிலே மாதக் கணக்கில் விரித்து வைத்தனர். 1774ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு ஷீலே என்பார் பசுமஞ்சள் வாயு ஒன்றைக் கண்டறிந்தார். அது தனிமம் என்று 1810இல் நிலைநாட்டிக் ‘குளோரீன்’ எனப் பெயர் சூட்டியவர் ஹம்பிரி டேவி. இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்திலேயே பிரான்சு நாட்டுப் பெர்தொலே இவ்வாயு நிறங்களை அழிப்பதைக் கண்டு துணி வெளுக்கப் பயன்படுத்தினார். பாரிசு நகரை அடுத்த ஜவெல் என்னும் இடத்திலே உண்டாகிய அத்திரவத்துக்கு ‘ஜவெல் நீர்’ என்றே பெயர் நிலைத்தது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் தெனன்ற் 1799இல் இவ்வாயுவை நீற்றுச் சுண்ணாம்பிலே ஏற்றித் தூளாக்கி உரிமை பெற்றார். மாதங்கள் எடுத்த வேலை நாட்களிலே முடிந்தது. நெசவாலைகள் பெருகிய வேகத்துக்கு இத்தூளும் ஒரு காரணம் என்பதிற் சந்தேகமில்லை.

இதே வாயுதான் 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையிலே அகழிகளில் இருந்த போர்வீரரின் சுவாசப்பையைச் சிதைத்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியுள்ளது. குளோரீனைக் கையாளும் தொழிற்சாலை எதுவும் இதனை ஒரு கணமேனும் மறத்தற்கில்லை.

இனி வெளிற்றுநீர் பிறக்கும் முறையைக் காண்போம். தொடக்கம் உப்பு. உப்புக் கரைசலிலே மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு மின்வாயிற் குளோரீனும் மற்றதில் ஐதரசனும் வெளிப்படும். கரைசலில் எரிசோடா, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு, எஞ்சும். இவ்வாறு பிரித்த குளோரீனையும் எரிசோடாவையும் மீண்டும் ஒன்றோடொன்று கூடவிட்டால் சோடியம் உபகுளோரைற்றும் சிறிது உப்பும் நீரும் உண்டாகும். இந்த உபகுளோரைற்றுக் கரைசலே வெளிற்றுநீர். நிறைக் கணக்கிலே 71 பங்கு குளோரீனுக்கு 80 பங்கு எரிசோடா வேண்டும். கரும்பலகையிலே எழுதினால் ஒரு வரிச் சமன்பாடு. மாணவன் அரை நிமிடத்திற் சமப்படுத்திவிடுவான். தொழிற்சாலையிலோ அந்த ஒரு வரியைக் காவல் காப்பதற்கென்றே இரவு பகலாக ஆட்கள் இருக்கின்றனர்.

காரணம் யாது? முதலாவது, வெப்பம். ஒரு கிலோகிராம் குளோரீன் எரிசோடாவிற் கரைந்து கூடும்பொழுது வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 350 கிலோகலோரி. நான்கு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். தொன் கணக்கிற் குளோரீன் ஏற்றும் தொட்டியிலே இவ்வெப்பத்தை உடனுக்குடன் குளிர்நீர்க் குழாய்களால் அகற்றாவிட்டால், உண்டான உபகுளோரைற்றுத் தானே சிதைந்து குளோரேற்று ஆகிவிடும். குளோரேற்று வெளுக்கவும் உதவாது. கிருமியைக் கொல்லவும் உதவாது. குடிநீரிற் கலப்பதும் விரும்பத்தக்கதன்று. செலவழித்த மின்சாரமும் உப்பும் வீண். ஆதலால் தொட்டியின் வெப்பநிலை 30 பாகை செல்சியசு அளவில், மிஞ்சினால் 40க்குள், நிற்குமாறு பார்த்துக்கொள்வர்.

இரண்டாவது காரணமே நம் கதைக்கு உயிர். குளோரீனை எங்கே நிறுத்துவது? எரிசோடா நிறைய எஞ்சியிருக்கும்போது நிறுத்தினால் சரக்கு வலுவற்றது, எரிசோடாவும் நட்டம். எரிசோடா முழுவதும் தீர்ந்த பின்பும் ஏற்றிக்கொண்டே போனால் நிகழ்வது விபரீதம். கரைசலின் காரத்தன்மை குன்றும். உபகுளோரசமிலம் தலையெடுக்கும். அது உபகுளோரைற்றோடு சேர்ந்து வெகு விரைவாகச் சிதைவை நடத்தும். தொட்டி சூடேறும், சூடு சிதைவை மேலும் விரைவாக்கும், ஏற்றிய வாயுவே திரும்பி வெளியேறும். சில நிமிடங்களுக்கு முன்பு விற்பனைக்குரிய சரக்காக இருந்தது, இப்போது ஆட்களை ஓடவைக்கும் புகைத் தொட்டியாகிவிடும். எனவே தீர்வதற்குச் சற்று முன்பாக, நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைந்த அளவு எரிசோடா மிஞ்சியிருக்கும் நிலையிலே குளோரீனை நிறுத்திவிட வேண்டும். அந்தச் சிறிய மிச்சமே போத்தலிலே கிடக்கும் நாட்களிலும் வெளிற்றுநீரைக் காத்து நிற்கும்.

தேயிலையின் பதத்தை மூக்குச் சொல்லும். இங்கே மூக்கை நம்பினால் மூக்கே போய்விடும்.

கருவிகள் பெருகாத காலத்திலே ஆய்வுகூடத்தையே நம்பினர். தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து நீர் சேர்த்து, பொற்றாசியம் அயடைட்டும் அசற்றிக்கமிலமும் இட்டால் அயடீன் வெளிப்பட்டுக் கரைசல் கபில நிறமாகும். சோடியம் தயோசல்பேற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முடிவிலே மாப்பொருள் காட்டியின் நீலம் மறையும் துளியைக் கணித்தால் வெளிற்றுநீரின் வலு தெரியும். உயர்தர வகுப்பு மாணவருக்கு இந்நியமிப்புப் பழகியதே. எஞ்சிய எரிசோடாவை அறிவதிலேதான் ஒரு வேடிக்கை உண்டு. அமிலம் விட்டு நியமிக்கலாமே என்று பினோத்தலீனை ஊற்றினால், அதன் இளஞ்சிவப்பு நிறத்தையே வெளிற்றுநீர் வெளிற்றிவிடும்! சோதிக்க வந்தவனையே விழுங்கும் திரவம் இது. ஆகவே முதலில் ஐதரசன் பெரொட்சைட்டைச் சேர்த்து உபகுளோரைற்றை முற்றாக அழிப்பர். ஒட்சிசன் குமிழியிட்டு வெளியேறிய பின்னரே காட்டியை இட்டு நியமிப்பர்.

இவையெல்லாம் செம்மையான முறைகள்தாம். ஆனால் மாதிரி எடுத்து, நியமித்து, விடை சொல்வதற்குள் பத்துப் பதினைந்து நிமிடம் கழிந்துவிடுகின்றது. அதற்குள் தொட்டி எல்லையைக் கடந்துவிட்டால் விடை சரியாயிருந்து என்ன பயன்? ஆகவேதான் தொட்டியின் உள்ளேயே இருந்து இடையறாது பார்க்கும் காவலாளி ஒருவன் தேவைப்பட்டான். அவனே தாழ்த்தேற்ற அழுத்தத்தை அளக்கும் மின்வாய்.

அமைப்பு எளியது. பிளாற்றினம் அல்லது பொன்னாலாகிய சிறு மின்வாய் ஒன்றும், அழுத்தம் மாறாத ஒப்பீட்டு மின்வாய் ஒன்றும் கரைசலிலே நிற்கும். கரைசலின் ஒட்சியேற்றும் வலிமைக்கும் அதன் காரத்தன்மைக்கும் ஏற்ப இரண்டுக்குமிடையே சில நூறு மில்லிவோல்ற்று அழுத்தம் தோன்றும். எரிசோடா ஏராளமாக உள்ளவரை இவ்வழுத்தம் சோம்பேறியைப் போல மெல்ல மெல்லவே ஏறும். எரிசோடா தீரும் தறுவாயிலோ திடீரென்று பாயும். மலைப்பாதையிலே நெடுந்தூரம் சமமாகச் சென்ற வண்டி சடுதியாக ஏற்றத்தைச் சந்திப்பது போன்றது இது. மடக்கை விதிப்படி அமைவதால், பத்துப் பங்கு எரிசோடா ஐந்தாவதை அது பெரிதாகக் கருதுவதில்லை. ஒரு பங்கு பத்திலொன்றாவதை உரக்கக் கூவி அறிவிக்கின்றது. நமக்கு வேண்டியதும் அதுவேயன்றோ? அந்தப் பாய்ச்சலின் அடிவாரத்திலே குறித்த எண்ணை எட்டியதும் கட்டுப்பாட்டுக் கருவி குளோரீன் வால்வைத் தானாகவே மூடிவிடும்.

காரத்தன்மையை நேரே அளக்கும் கண்ணாடி மின்வாயை ஏன் நம்புவதில்லை என்று கெட்டிக்கார மாணவர் கேட்கக்கூடும். இத்துணைக் கடுங்காரத்திலே சோடியம் அயன்கள் நிறைந்திருப்பதால், கண்ணாடி மின்வாய் அவற்றையும் ஐதரசன் அயன்கள் என மயங்கிக் குறைத்துக் காட்டும். அதனாலேயே தாழ்த்தேற்ற மின்வாய்க்கு முதலிடம்.

ஆயினும் காவலாளியும் உறங்குவதுண்டு. கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து கடுங்காரத்திலே படிந்து மின்வாயை மூடினால், கரைசல் எல்லை கடந்த பின்பும் அது பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஆதலின் நல்ல தொழிற்சாலைகளிலே மின்வாய், வெப்பமானி, ஆய்வுகூட நியமிப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சாட்சி கேட்டே இயங்குகின்றன. மின்வாய் மாறாதிருக்க வெப்பம் மட்டும் ஏறுமானால் அனுபவமுள்ள தொழிலாளி முதலில் வால்வை மூடுவான். காரணத்தை அப்புறம் தேடுவான். வாயு எங்கேனும் கசிகின்றதா எனக் காண இன்னமும் ஒரு பழைய தந்திரம் கைகொடுக்கின்றது. அமோனியாக் கரைசலில் நனைத்த துணியைக் குழாய் மூட்டருகே காட்டினால், குளோரீன் கசியும் இடத்திலே வெண்புகை எழும்.

இத்தகைய தொழிற்சாலை நம் நாட்டிலே இருந்ததா? இருந்தது. ஆனையிறவு உப்பளத்துக்கு அண்மையிலே, பரந்தனில் 1950களிலே அரசாங்கம் நிறுவிய இரசாயனத் தொழிற்சாலை உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்தது. சவர்க்காரத்துக்கு எரிசோடாவும், நகரங்களின் குடிநீருக்குக் குளோரீனும் அங்கிருந்து கிடைத்தன. வடபுலத்து இளைஞர் பலருக்கு இரசாயனம் என்பது பாடநூலோடு முடிவதன்று, சம்பளமும் தரும் என்று காட்டிய இடம் அது. 1980களின் நடுப்பகுதியிலே போர்ச் சூழல் அதனை நிறுத்திற்று. அதன் வாரிசான நிறுவனம் குளோரீனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து வழங்கி வருகின்றது. பரந்தனில் மீண்டும் உற்பத்தி தொடங்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகின்றது. உப்பு அங்கேயே கிடக்க, உப்பிலிருந்து பிறக்கும் வாயுவைக் கப்பலில் வரவழைப்பது நமக்கு உவப்பான காட்சியன்று. ஒரு தலைமுறை மாணவர் இத்தகைய தொட்டியொன்றைக் கண்ணாற் காணாமலே தேர்வெழுதிச் சென்றுவிட்டனர் என்பது அதனினும் பெரிய நட்டம். கடலுக்கு அப்பால், தமிழகத்திலே மேட்டூரிலும், 1950களின் இறுதியிலே தாமிரபரணி கடலிற் கலக்கும் பகுதியை அடுத்த சாகுபுரத்திலும் இத்தொழில் எழுந்தது. மேட்டூரிலே 1934இல் நிறைவெய்திய அணையின் மின்சாரமும், சாகுபுரத்திலே தூத்துக்குடிக் கரையோர உப்பும் அதற்குத் துணை நின்றன.

மின்சாரம் இத்தொழிலின் உயிர்நாடி. ஒரு தொன் குளோரீனைப் பெற 2,500 அலகுக்குக் குறையாமல் வேண்டும். இவ்விடத்திலே டிக்கோயாக்காரர் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். நம் தோட்டங்களின் அடிவாரத்திலே 1965இல் உருவான காசல்ரீ நீர்த்தேக்கமும், அதற்கும் முன்பே 1950இல் இயங்கத் தொடங்கிய லக்ஷபான மின்நிலையமும் கெகெல்கமு ஓயாவின் நீரை மின்னாக்குவன. மலைநீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரை, காசல்ரீயின் நீரிலே இயங்கும் மின்நிலையம் தாங்கி நிற்கின்றது.

இனிப் போத்தலுக்கு வருவோம். வெளிற்றுநீர் கடையிலே இருக்கும்போதும் சாகின்றது. வெப்பநிலை 10 பாகை ஏறினால் சிதைவு ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாகும். கரைசலைச் சமபங்கு நீரூற்றிப் பாதி வலுவாக்கினால் சிதையும் வேகம் ஏறக்குறைய நான்கிலொன்றாகும். இரும்பு, செம்பு, நிக்கல் ஆகியவற்றின் அணுவளவு சேர்ந்தாலும் ஒட்சிசனாகப் போய்விடும். ஆதலால் கொழும்புக் கடையொன்றிலே வெயிலிலே கிடந்த போத்தலைக் காட்டிலும் மலைநாட்டுக் குளிரிலே இருட்டறையில் வைத்த போத்தல் நெடுநாள் வலுவோடிருக்கும். உலோகப் பாத்திரத்தில் ஊற்றிவைத்தல் ஆகாது. கழிப்பறை கழுவும் அமிலத்தோடு இதனைச் சேர்த்தல் ஒருபோதும் ஆகாது. தொழிற்சாலைத் தொட்டியிலே எரிசோடா தீர்ந்தால் நேரும் அதே விபரீதம், கதவடைத்த குளியலறையிலே நம் தாய்மாருக்கு நேரும். குளோரீன் காற்றைவிட இரண்டரை மடங்கு கனத்தது. பள்ளத்தை நோக்கி வழிந்தோடும். எங்கேனும் கசிவு ஏற்பட்டால், பழக்கத்தால் இறக்கத்தில் ஓடாமல், காற்றுக்குக் குறுக்கே விலகி மேட்டுக்கு ஏறுவதே பிழைக்கும் வழி.

தோட்டங்களிலே இத்தூளின் பயன் துணி வெளுப்பதிலன்று, தண்ணீரிலே தங்கியிருக்கின்றது. 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்ரன் நகரிலே நெருப்புக்காய்ச்சல் பரவியபோது நீர்க்குழாய்களைத் தூய்மையாக்க வெளிற்றும் தூளைக் கரைத்து விட்டனர். 1908இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரம் குடிநீருக்கு இடையறாது குளோரீன் ஊட்டத் தொடங்கிற்று. நம் லயங்களுக்கு நீர் வருவது பெரும்பாலும் மலையூற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும். பீலியிலே விழுந்து தொட்டியிலே தேங்கி வரும் நீர் அது. தெளிந்த நீர் 1,000 லீற்றர் கொண்ட தொட்டிக்கு, நூற்றுக்கு 25 பங்கு பயன்படு குளோரீன் உள்ள தூளில் 4 கிராம் இட்டால் லீற்றருக்கு 1 மில்லிகிராம் ஆகும். அரை மணி நேரம் விட்ட பின்பே குடிக்க வேண்டும்.

ஆனால் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆனி ஆடி மாதங்களிலே கணக்கு மாறிவிடுகின்றது. இலைச் சருகும் சேறும் கலந்த நீர், இட்ட குளோரீனை முதலிலே தானே தின்றுவிடும். கிருமிகளுக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. வழக்கமான கரண்டிக் கணக்கிலே தூளை இட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று போவது, மின்வாய் இல்லாமல் வால்வைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். இட்ட அளவை அன்று, எஞ்சிய அளவையே பார்க்க வேண்டும். முன்னாளிலே ஓதோதொலுயிடீன் துளியிட்டு மஞ்சள் நிறம் பார்த்தனர். அது உடலுக்குத் தீங்கானது எனக் கண்டு கைவிட்டு, இக்காலத்திலே இளஞ்சிவப்பு நிறம் தரும் வேறு மாத்திரையைப் பயன்படுத்துகின்றனர். குழாயிலே பிடித்த நீரில் மாத்திரையைக் கரைத்து, அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டால், லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருக்கின்றதா என்பது ஒரு நிமிடத்திலே தெரிந்துவிடும். சோதனைக்கு நீர் பிடிக்க வேண்டியது தொட்டியடியிலே அன்று. லயத்தின் கடைசி வீட்டுக் குழாயிலே.